மேற்குப் பார்த்த வாசல், ஆடிச் சாரல்: என்ன லைட் மாட்டலாம்?

புளியரை மதினி

எல்லாருக்கும் வணக்கம். பூர்வீக வீட்டை மராமத்துப் பார்த்துக்கிட்டிருக்கோம். ஊர் புளியரை. செங்கோட்டை தாண்டி வந்தா நம்ம பக்கத்துக் கடைசி ஊர், அதுக்கு மேல மலை ஏறினா ஆரியங்காவு, கேரளா. இப்ப பூச்சு வேலை நடக்குது. பூச்சு முடியுறதுக்குள்ள வாசலுக்கு எங்கெங்க லைட் பாயிண்ட் வேணும்னு சொல்லிடணுமாம். வயரிங் பார்க்குற தம்பி காலையில வந்ததும் முதல் கேள்வியா அதைத்தான் கேக்கான். வீட்டுல நாலு பேருக்கு நாலு யோசனை.

வாசல் எப்படி இருக்கும்னு சொல்லிடுதேன். தெருவில இருந்து மூணு படி ஏறினா நடை. நடைக்கு ரெண்டு பக்கமும் திண்ணை, நடைத் தரையில இருந்து ரெண்டடி உசரம், நாலடி அகலம். சிவப்பு ஆக்சைடு தரை, மாமனாரோட அப்பா காலத்துல போட்டது, இன்னும் பளபளன்னு இருக்கு. தேக்கு நிலை, ஆறரை அடியில ரெட்டைக் கதவு. கதவுக்கு இடது பக்கச் சுவத்துல ஒரு விளக்கு மாடம் உண்டு, அத்தை அந்தி கருக்குறதுக்கு முன்னாடி அதுல அகல் ஏத்திருவாங்க. மேல ஓடு சரிஞ்சு வந்து, முன்னாடி எறவாணம் தலை இடிக்கிற உசரத்துல நிக்கும். எங்க வீட்டுக்காரர் எப்பவும் குனிஞ்சுதான் உள்ள வருவாரு.

பிரச்சினை சாரல்தான். இந்தப் பக்கத்து ஆளுகளுக்குச் சொல்ல வேண்டாம். ஆனி பிறந்துட்டா கணவாய்க் காத்தோட மழை மேல இருந்து விழாது, படுக்கையா வரும். வீடு மேற்குப் பார்த்தது வேற. சில நாள் கதவோட அடிப்பலகை வரைக்கும் நனைஞ்சிரும். முன்னாடி தூண்ல ஒரு கண்ணாடி உருண்டை லைட் இருந்துச்சு. ஆடி முடியும்போது பாதிக்குத் தண்ணி நிக்கும், அதுல ஈசல் மிதக்கும்.

இனி யோசனைகள். வீட்டுக்காரர் பாவூர்சத்திரம் சந்தையில காய் ஏத்திக்கிட்டு புனலூர், கொல்லம்னு இறக்கிட்டு வருவாரு, வீடு சேர ராத்திரி ஒரு மணி ரெண்டு மணி ஆகும். பூட்டுத் துவாரம் தெரியணும், அதனால பெரிய ஃப்ளட் லைட்டா, ஆள் வந்தா தானா எரியுறதா போடுன்னு நிக்காரு. அத்தைக்கு அவ்வளவு வெளிச்சம் ஆகாது, மாடத்து விளக்கு செத்துரும்ங்காங்க. ஆனா கதவைத் தட்டுனது யாருன்னு சன்னல் வழியா முகம் தெரியணுமாம். மக காலேஜ்ல படிக்கா, மேலயும் கீழயும் வெளிச்சம் அடிக்கிற லைட்டு படத்தை ஃபோன்ல காட்டிக்கிட்டே இருக்கா. எனக்கு மார்கழியில விடியக்காலம் கோலம் போட வெளிச்சம் வேணும், என் நிழலே கோலத்துல விழக் கூடாது. அவ்ளோதான்.

எத்தனை லைட், என்ன மாதிரி, எந்த உசரத்துல, என்ன நிறம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குத்துக்கல்வலசை ஒயர்மேன்

தங்கச்சி, எல்லாரும் லைட்டுக் கடைக்குப் போயி கேட்லாக் புரட்டுதாங்க. நீங்க முதல்ல சுவத்தைப் பாருங்க. பூச்சு இன்னும் முன்பக்கம் வரலைன்னா பழைய சுவத்துல பாசிக் கறை இருக்கும். அந்தக் கறை எதுவரைக்கும் ஏறியிருக்கோ அதுவரைக்கும் சாரல் வருதுன்னு அர்த்தம். கரும்பச்சையா இருக்குற இடம் தினம் நனையுறது, வெளிறுன பச்சை எப்பவாச்சும் நனையுறது, அதுக்கு மேல சுவர் நிறத்துலயே இருந்தா காஞ்ச இடம். ஒரு கரித்துண்டை எடுத்து அந்த ரெண்டு எல்லையிலயும் கோடு போட்டு வச்சிருங்க. பாதி வேலை முடிஞ்சுது.

தினம் நனையுற இடத்துல மாட்டுறதா இருந்தா ஐ.பி. 65 உள்ளதுதான் வாங்கணும். பெட்டியில போட்டிருப்பான். முதல் எண் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. 65ன்னா தூசி உள்ள போகாது, எந்தப் பக்கம் இருந்து பீய்ச்சினாலும் தண்ணி இறங்காது. 44 போட்டிருந்தா தெறிக்கிற தண்ணியத் தாங்கும், அவ்ளோதான். அது கதவை ஒட்டின உள்சுவத்துக்குப் போதும், தூணுக்குப் பத்தாது. ஆனா பெட்டியில எண் போட்டிருக்குன்னு நம்பிட்டு வந்துராதீங்க. கடையிலயே மூடியக் கழட்டச் சொல்லுங்க. உள்ள ரப்பர் வளையம் முழுசாச் சுத்தி இருக்கா, ஒயர் நுழையுற இடத்துல அதைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கிற கிளாண்டு இருக்கா, ரெண்டையும் கண்ணால பாருங்க. கழட்ட மாட்டேன்னா அந்தக் கடையில டீ குடிச்சிட்டு வந்துருங்க.

அந்த உருண்டை லைட்டுக்குத் தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னா, கண்ணாடி வழியா வந்திருக்காது. சுவத்துல வழியுற தண்ணி, ஃபிட்டிங்குக்கும் சுவத்துக்கும் நடுவுல இறங்கி, ஒயர் வர்ற ஓட்டை வழியா உள்ள போயிருக்கும். இதுக்கு வைத்தியம் ரொம்ப லேசு. மாட்டினதுக்கு அப்புறம் ஃபிட்டிங்கோட மேல் விளிம்புலயும் ரெண்டு பக்கவாட்டுலயும் சிலிக்கான் அடைக்கணும். கீழ் விளிம்பை அடைக்கக் கூடாது. நாலு பக்கமும் அடைச்சா, தப்பித்தவறி உள்ள போன தண்ணி வெளிய வர வழி இருக்காது. தம்பிங்க நாலு பக்கமும் அப்பிட்டுப் போயிருவாங்க, பக்கத்துல நின்னு பாத்துக்கிடுங்க.

அடுத்தது உலோகம். இரும்புத் தகடு வேண்டாம், நம்ம ஊர்ல ரெண்டு ஆடி தாங்காது. அலுமினியம் வார்ப்புல பவுடர் கோட்டிங் பண்ணினது நல்லது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயில்ல மஞ்சளாகி நொறுங்கிரும். ஃபிட்டிங் அலுமினியமா இருந்தாலும் கூட வர்ற ஸ்குரூ இரும்பா இருக்கும், துருக்கறை வெள்ளைச் சுவத்துல மூக்குச்சளி மாதிரி வழியும். ஹார்டுவேர் கடையில எவர்சில்வர் ஸ்குரூ பத்து ரூபாய்க்கு வாங்கி மாத்திருங்க.

பல்பு மாத்துற மாதிரி ஹோல்டர் உள்ளதா வாங்குங்க. உள்ளேயே எல்இடி ஒட்டின ஃபிட்டிங் பார்க்க ஒல்லியா அழகா இருக்கும். ஆனா நம்ம பக்கம் இடியும் வோல்டேஜ் ஏத்தஇறக்கமும் உள்ள ஊரு, எல்இடிக்குக் கரண்டை மாத்திக் குடுக்குற டிரைவர் போச்சுன்னா மொத்த ஃபிட்டிங்கையும் கழட்டித் தூரப் போடணும். ஹோல்டர்னா பெட்டிக்கடையில ஒரு பல்பு வாங்கி மாட்டிக்கிடலாம். மூடின கூட்டுக்குள்ள பெரிய பல்பு போடாதீங்க, சூடு வெளிய போகாம சீக்கிரம் போயிரும். 5 வாட், மிஞ்சிப் போனா 7 வாட். 9 வாட் எல்இடி பல்பு பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும், வாசலுக்கு அது ஒண்ணே கூடுதல். ரெண்டு 5 வாட் ரெண்டு பக்கமும் இருந்தா முகத்துல நிழல் விழாது. ஒண்ணு மட்டும் மேல இருந்தா வந்தவன் கண்ணு பள்ளமா, மூக்குக்குக் கீழ கறுப்பா, சொந்த அண்ணனே திருடனாட்டம் தெரிவான்.

ஃப்ளட் லைட் வாசலுக்கு வேண்டவே வேண்டாம். மச்சான் மேல கோவம் இல்ல. சன்னல்ல நின்னு பார்க்குற உங்க அத்தைக்கு, ஃப்ளட் லைட் தெருவைப் பார்த்து அடிச்சா ஆள் தெரியும், ஆனா எதுத்த வீட்டுக்காரன் தூங்க முடியாது. வீட்டைப் பார்த்து அடிச்சா வந்தவன் முதுகுலதான் வெளிச்சம் விழும், முகம் இருட்டு.

உலோக ஃபிட்டிங்னா எர்த் கட்டாயம். தம்பி ரெண்டு ஒயர் மட்டும் இழுத்திருந்தா திரும்ப இழுக்கச் சொல்லுங்க, மூணாவது பச்சை ஒயர் வந்தே ஆகணும். வாசல் சர்க்யூட் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கிற ஸ்விட்ச், வழியா வருதான்னும் கேட்டுக்கிடுங்க. ஈரக் காலோட தொடுற இடம்.

புனலூர்த் தமிழன்

நான் புனலூர்ல முப்பது வருஷமா இருக்கேன், பூர்வீகம் கடையநல்லூர். ஒயர்மேன் அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி. நான் வேற ஒண்ணு சொல்றேன்.

இங்க வீட்டுக்கு வீடு சிட்-அவுட்ல, அதாவது முன் வராந்தாவுல, பித்தளைத் தூக்கு விளக்கு தொங்கும். சங்கிலியில தொங்குற பழைய எண்ணெய் விளக்கு மாதிரியே செஞ்சு உள்ளே பல்பு வச்சது. ஆலப்புழை மாவட்டம் மான்னார்ல வெங்கலம், பித்தளை வேலை தலைமுறை தலைமுறையா நடக்குது, அங்க போனா நல்லதாக் கிடைக்கும். பழைய ஓட்டு வீட்டுக்கு, அதுவும் தேக்குக் கதவுக்கு, அதைப் போல எதுவும் எடுக்காது. செங்கோட்டையே 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊருதானே, உங்க பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தா எங்க வீடுகளோட சாயல் தெரியும்.

ஆனா உங்க வாசல்ல அதைத் தொங்கவிடச் சொல்ல மாட்டேன். மலைக்கு இந்தப் பக்கம் மழை எவ்வளவு பெய்ஞ்சாலும் அனேகமா நேரா விழும். உங்க பக்கம் மழை கம்மி, காத்துதான் மழையைச் சுமந்துக்கிட்டு வரும். ஆடிக் காத்துல சங்கிலி ஆடி ஆடி கொக்கி கழண்டு யார் தலையிலயாவது விழும். தவிர, தொங்குற விளக்கோட அடிப்பாகம் தரையில இருந்து குறைஞ்சது ஏழடி இருக்கணும். எறவாணமே தலை இடிக்கும்னு சொல்றீங்க, நடையில இடம் கிடைக்காது.

அதுக்குப் பதிலா கதவைத் திறந்ததும் உள்ளே வர்ற ரேழியில தொங்கவிடுங்க. கதவு திறந்தா தெருவில இருந்து பார்க்கும்போது அந்த வெளிச்சம்தான் முதல்ல கண்ணுல படும், வெளியே ரெண்டு சின்ன லைட் போதும். பித்தளையில அரக்குப் பூச்சு அடிச்சதா அடிக்காததான்னு கேட்டு வாங்குங்க. பூச்சு இல்லாததுன்னா புளி போட்டுத் தேய்க்கலாம். பூச்சு அடிச்சதுல புளி போட்டா பூச்சு திட்டுத்திட்டா உரிஞ்சு அசிங்கமாயிடும், ஈரத் துணியால துடைச்சா போதும்.

ஆன்லைன் அம்பி

ஏங்க இவ்வளவு குழப்பம்? சோலார் லைட் நாலு வாங்கி ஒட்டிருங்க. ஒயரும் வேண்டாம், கரண்ட் பில்லும் வேண்டாம், சென்சார் அதுலயே இருக்கு.

குத்துக்கல்வலசை ஒயர்மேன்

அம்பி, நீங்க எந்த ஊரு? சாரல் மூணு மாசம் நம்ம பக்கம் சூரியன் எட்டிப் பார்க்குறதே அபூர்வம். பேனல் எறவாணத்துக்குக் கீழ இருந்தா சித்திரையிலயே சார்ஜ் ஏறாது, ஓட்டுக்கு மேல வச்சா குரங்கு பிடுங்கிட்டுப் போயிரும். கரண்டுக் கணக்கையும் பாருங்க: 5 வாட் பல்பு ரெண்டு, ராத்திரி பன்னெண்டு மணி நேரம் எரிஞ்சாலும் மாசத்துக்கு மூணரை யூனிட் பக்கம்தான்.

புளியரை மதினி

அண்ணாச்சி, பாசிக் கோடு பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு எல்லை இருக்கு! தூண் ரெண்டும் அடியில இருந்து நுனி வரைக்கும் கரும்பச்சை. கதவுப் பக்கச் சுவத்துல இடது பக்கம், மாடம் இருக்குற பக்கம், முழங்கால் உசரம் வரைக்கும் வெளிறுன பச்சை. வலது பக்கம் இடுப்பு வரைக்கும் ஏறி இருக்கு. அதுக்கு மேல ரெண்டு பக்கமும் சுண்ணாம்பு அப்படியே வெள்ளையா நிக்குது. இத்தனை வருஷம் அந்தத் திண்ணையில உக்காந்து பூ கட்டியிருக்கேன், வலது பக்கம் சாரல் அதிகம்னு கவனிச்சதே இல்ல. அத்தைகிட்ட கேட்டா, “அதனாலதான் மாடத்தை இந்தப் பக்கம் வச்சான் கொத்தன்”னு சாதாரணமாச் சொல்லுதாங்க.

அப்ப தூண்ல லைட் வேண்டாம், கதவுக்கு ரெண்டு பக்கமும் சுவத்துலன்னு முடிவு பண்ணிட்டோம். இனி உசரம். மக எங்கேயோ படிச்சிட்டு வந்து சொல்லுதா, லைட்டோட நடுப்பாகம் தரையில இருந்து ஐந்தரை அடி, லைட்டோட நீளம் கதவு உசரத்துல கால் பங்குன்னு. ஆறரை அடிக் கதவுக்குக் கால் பங்குன்னா ஒண்ணரை அடிக்கும் மேல வருது, அம்மாடி! அந்த மேலயும் கீழயும் அடிக்கிற லைட்டும் அவ மனசை விட்டுப் போகல.

புனலூர் அண்ணன் சொன்ன தூக்கு விளக்கு எனக்குப் பிடிச்சிருக்கு. வீட்டுக்காரர் லோடு இறக்கிட்டு வரும்போது மான்னார் வழி போக முடியாதான்னு கேட்டேன், அதுக்கு அவரு பார்த்த பார்வையை இங்க எழுத முடியாது.

குத்துக்கல்வலசை ஒயர்மேன்

பாப்பா படிச்சது தப்பில்ல, அந்தக் கணக்கு வேற வீட்டுக்கு. திண்ணை இல்லாம, கதவுக்கு முன்னாடி வெறும் தரையா, மேல ரெண்டு மாடி உசரத்துக்குச் சுவர் நிக்கிற வீட்டுக்கு லைட்டு சின்னதா இருந்தா கண்ணுக்கே தெரியாது. அங்க கால் பங்கு சரி. உங்களுக்கு மேல ஓடு கவிஞ்சு வந்து பார்வையை அடைச்சுக்கிடுது. ஒரு அடி நீளம் தாராளம்.

ஐந்தரை அடியும் உங்களுக்கு ஒத்து வராது. லைட்டு வரப்போறது திண்ணைக்கு மேல. நடைத் தரையில இருந்து ஐந்தரைன்னா திண்ணையில இருந்து மூணரை அடிதான். சம்மணம் போட்டுச் சாஞ்சு உக்காந்தவன் உச்சந்தலைக்கு மேல ஒரு சாண் உசரத்துல சூடா ஒண்ணு நிக்கும், எந்திரிக்கும்போது நங்குன்னு இடிப்பான். பிள்ளைங்க திண்ணையில ஏறி நின்னு ஆடினா முதல் நாளே கண்ணாடி போச்சு. அதனால நடைத் தரையில இருந்து ஏழடிக்கு ஏத்துங்க. அந்த உசரத்துல எறவாணம் தெருவுல போறவன் கண்ணுக்கு லைட்டை மறைச்சிரும், வெளிச்சம் மட்டும் கீழ வரும். கண்ணு கூசாது. கண்ணாடி பாலாட்டம் வெள்ளையா இருக்குறதா எடுங்க. தெளிஞ்ச கண்ணாடின்னா உள்ள இருக்குற பல்பு நேரா குத்தும், ஒரு வாரத்துப் பூச்சி எல்லாம் எண்ணிப் பார்க்குற மாதிரி தெரியும்.

மேலயும் கீழயும் அடிக்கிற லைட்டு: மேல் பக்கம் கிண்ணம் மாதிரி திறந்திருக்கும். ஈசல், குளவி, பல்லி முட்டை எல்லாம் அதுல குடியேறும். குளவி மண்ணைக் கொண்டு வந்து அப்பினா கழட்டிச் சுரண்டத்தான் முடியும். மேல அடிக்கிற வெளிச்சமும் கூரை ஓட்டையும் ஒட்டடையையும்தான் காட்டும். பாப்பாவுக்கு ஆசையா இருந்தா மாடிப்படிப் பக்கம், வீட்டுக்கு உள்ள ஒண்ணு போட்டுக் குடுங்க.

நிறம் 3000 கெல்வின், வார்ம் ஒயிட்னு போட்டிருக்கும். 6500 வாங்கிராதீங்க, தேக்கும் சிவப்புத் தரையும் ரத்தமில்லாம வெளிறிப் போயிரும். பூச்சிக்கும் மஞ்ச வெளிச்சத்தை விட நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம்தான் அதிகம் பிடிக்கும். மஞ்சளுக்கு வரவே வராதுன்னு சொல்லல, குறையும். ஈசல் கிளம்புற அன்னைக்கு எந்த லைட்டும் நிக்காது, அணைச்சுட்டுக் கொல்லையில ஒண்ணைப் போட்டு அடியில தண்ணித் தட்டு வைக்கிறதுதான் வழி. பெட்டியில சி.ஆர்.ஐ.ன்னு ஒரு எண் இருக்கும், 80க்குக் குறைஞ்சா வாங்காதீங்க, 90 கிடைச்சா நல்லது. தரையோட சிவப்பு சிவப்பாத் தெரியுறது அதுலதான் இருக்கு.

பாயிண்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி சோதிச்சுப் பாருங்க. ஒரு ஹோல்டர், பத்து மீட்டர் ஒயர், 5 வாட் பல்பு. பாப்பாவை ஏழடி உசரத்துல பிடிச்சுக்கிடச் சொல்லிட்டு நீங்க கோலம் போடுற இடத்துல குந்தி உக்காருங்க. அத்தையை சன்னல்ல நிறுத்துங்க. மச்சான் பூட்டுக்கிட்ட நிக்கட்டும். நாலு பேரும் ஒரே நேரத்துல சரின்னு சொல்லுற இடத்துல கரிக்கோடு போடுங்க.

மாடம் இடது பக்கம்ங்கீங்க. அந்தப் பக்கத்து லைட்டை மாடத்துக்கு நேர் மேல வச்சிராதீங்க, அகலோட வெளிச்சம் தெரியாது. முடிஞ்சா ரெண்டு லைட்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச். அந்தியில வலது பக்கத்தை மட்டும் போட்டா மாடம் தன் பாட்டுக்கு எரியும்.

களியக்காவிளை டீச்சர்

சென்சார் பத்தி யாரும் விவரமாச் சொல்லல, அதனால சொல்லுகேன். எங்க வீட்டு வாசல்ல இருக்கு. ஆள் உடம்புச் சூடு நகருறதைப் பார்த்து எரியுற வகை. ராத்திரி லேட்டா வர்ற ஆளுக்கு நல்ல வசதிதான், ஆனா எப்படி வைக்கிறோம்கிறதுல இருக்கு விஷயம். அடிப்பக்கம் பார்த்தா மூணு சின்னத் திருகாணி இருக்கும்: டைம், லக்ஸ், சென்ஸ். டைம் எவ்வளவு நேரம் எரியணும்ங்கிறதுக்கு. லக்ஸ் எவ்வளவு இருட்டினா வேலை செய்யணும்ங்கிறதுக்கு. சென்ஸ் எவ்வளவு தூரத்துல ஆள் வந்தா பிடிக்கணும்ங்கிறதுக்கு. கடையில இருந்து வரும்போது சென்ஸ் முழுசாத் திருகி வச்சிருப்பான், தெருவுல நாய் போனாலும் எரியும், பைக் போனாலும் எரியும். அரைத் திருகுக்குக் குறைங்க, படியில கால் வச்சா மட்டும் எரியுற அளவு.

சென்சார் லைட்டோட முகத்தையே பார்த்து இருக்கக் கூடாது, லக்ஸ் குழம்பி அணைஞ்சு அணைஞ்சு எரியும். எல்லா லைட்டுக்கும் சென்சார் போடாதீங்க. படிக்கு மட்டும் போடுங்க.

படின்னதும் ஞாபகம் வந்தது. சாரல் ஊர்ல படி வழுக்கும். திண்ணையோட பக்கச் சுவர்ல, படியைப் பார்த்த மாதிரி, சுவருக்குள்ளே பதிக்கிற சின்ன ஸ்டெப் லைட் ஒண்ணு வச்சா கால் வைக்கிற இடம் மட்டும் தெரியும். 2 வாட், 3 வாட்தான். அதுக்குச் சென்சார் குடுத்துட்டா உங்க வீட்டுக்காரருக்கு அது போதும், முழு வாசலும் எரிய வேண்டாம். வயசானவங்க உள்ள வீட்டுல நான் முதல்ல அதைத்தான் போடச் சொல்லுவேன்.

குத்துக்கல்வலசை ஒயர்மேன்

டீச்சர் சொன்ன ஸ்டெப் லைட்டுக்கு ஐ.பி. 65 கட்டாயம், அது முழுக்க கரும்பச்சை எல்லைக்குள்ள வருது. பெட்டி பதிக்கும்போது அடியில ஒரு சின்ன ஓட்டை விட்டு வெளிப்பக்கம் சரிவா வைக்கச் சொல்லுங்க. எறும்பு ஏறும், அதுக்கு ஓட்டையில கொஞ்சம் கொசுவலைத் துண்டு. பூட்டு வெளிச்சத்துக்கு அது பத்தாது, மேல வலது பக்க லைட்டையும் அதே சென்சார்ல சேர்த்துக்கிடலாம், கூடவே சாதா ஸ்விட்ச் ஒண்ணும் இருக்கட்டும்.

பூச்சு மூடுறதுக்கு முன்னாடி ரெண்டு காலிக் குழாய் கூடுதலா போட்டு வச்சிருங்க, ஒண்ணு தூணுக்கு, ஒண்ணு எறவாணத்து உள்சட்டத்துக்கு. இப்ப லைட் மாட்டாட்டாலும் பரவாயில்ல. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு சீரியல் செட் மாட்டும்போது சுவத்தை உடைக்க வேண்டாம்.

புளியரை மதினி

சோதனை நேத்து ராத்திரி நடந்துச்சு. மக பல்பைப் பிடிச்சுக்கிட்டு திண்ணையில ஏறி நின்னா. நான் தெருவுல குந்தி உக்காந்து கோலமாவு எடுத்து ஒரு புள்ளிக் கோலம் போட்டே பார்த்துட்டேன். வீட்டைப் பார்த்து உக்காந்தா என் நிழல் முதுகுக்குப் பின்னாடி போயிருது. தெருவைப் பார்த்து உக்காந்தாத்தான் கோலத்துல விழுது. திண்ணையோட நிழல் படி முடியுற வரைக்கும்தான் வருது, கோலம் அதுக்கு வெளிய. கோலத்துக்குத் தனி லைட் வேண்டாம்னு ஆயிருச்சு, ஒரு செலவு மிச்சம்.

அத்தை சன்னல்ல நின்னு எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, “மூஞ்சி நல்லாத் தெரியுது, சவரம் பண்ணாம வந்திருக்கான்”னாங்க. அவரு பூட்டுகிட்ட நின்னு சாவியைப் போட்டுப் பார்த்தாரு. வலது பக்க லைட்டைக் கதவுல இருந்து ஒரு முழம் தள்ளி வச்சா அவரோட தோள் மறைக்காம பூட்டுல விழுது. இடது பக்கத்தை மாடத்தை விட்டு ரெண்டடி தள்ளிட்டோம். ரெண்டும் ஒரே தூரத்துல இல்லைன்னு மகளுக்கு வருத்தம். கதவுக்கு ரெண்டு பக்கமும் சமமா இல்லாட்டி ஃபோட்டோவுல கோணலாத் தெரியுமாம். மாடம் இருக்குற இடத்தை மாத்த முடியாதுன்னு சொல்லிட்டேன்.

ஆக கணக்கு: கதவுப் பக்கம் ரெண்டு, ஏழடி உசரத்துல, பால் கண்ணாடி, ஹோல்டர் உள்ளது. படியில ஒரு ஸ்டெப் லைட், சென்சாரோட. ரேழியில தூக்கு விளக்குக்கு ஒரு பாயிண்ட், விளக்கு எப்ப வருதோ வரட்டும். காலிக் குழாய் ரெண்டு. தம்பிகிட்ட எழுதிக் குடுத்தாச்சு.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணாச்சி. அத்தைக்கு இருட்டுல ஸ்விட்ச் தேடக் கஷ்டமா இருக்குன்னு, அணைச்சிருக்கும்போது சிவப்பா மினுங்குற ஸ்விட்ச் போடலாம்னு தம்பி சொல்லுதான். அதைப் போட்டா எல்இடி பல்பு அணைச்சாலும் லேசா எரிஞ்சுக்கிட்டே இருக்கும்னு மக சொல்லுதா. நிசமா?

குத்துக்கல்வலசை ஒயர்மேன்

நிசந்தான். அந்த ஸ்விட்ச்ல இருக்குற சின்ன விளக்குக்குக் கரண்ட் உங்க பல்பு வழியாத்தான் சுத்தி வருது. பழைய குண்டு பல்புக்கு அது உறைக்காது, எல்இடிக்கு அந்தத் துளியே போதும், ராத்திரி பூரா மினுக்கு மினுக்குன்னு இருக்கும். அதே பலகையில இண்டிகேட்டர் தனி மாட்யூலா கிடைக்கும். அதுக்கு ஃபேஸும் நியூட்ரலும் நேரா குடுத்துட்டா லைட்டோட சம்பந்தமில்லாம தன்னால மினுங்கும். ஸ்விட்ச் பெட்டிக்கு ஒரு நியூட்ரல் ஒயர் கூடுதலா இழுக்கணும், பூச்சு மூடுறதுக்கு முன்னாடி தம்பிகிட்டச் சொல்லிருங்க.